யாருக்குக் காய்ச்சல்?

சென்ற தைத் திங்களில் நடந்த நம் மன்றத்துப் பொங்கல் விழாவிற்கு வந்தவர்கள், பந்தலின் ஓரத்து மேசையில் வாழையிலைமேல் இருந்த ஒரு ரொட்டியைப் பார்த்திருக்கலாம். அது கடையில் வாங்கிய ரொட்டி அன்று. என் அறையில் நானே மாவு பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சீரகமும் சேர்த்துச் சுட்ட காரரொட்டி. அதனைத் துணியில் சுற்றி எடுத்துவந்தபோது வாயிலிலேயே ஒரு தோழர் மறித்து, “யாருக்குக் காய்ச்சல்?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே சென்றதும் மற்றொரு தோழர், “பொங்கல் விழாவில் ரொட்டியா? இது தமிழ் மன்றம் ஐயா!” என்றார். மூன்றாமவர் ரொட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “நீயா சுட்டாய்? ஆண்பிள்ளைக்கு ஆய்வுக்கூடத்தில் வேறு வேலை இல்லையா?” என்றார்.

மூன்று கேள்விகளும் விளையாட்டாகக் கேட்கப்பட்டவை. ஆயினும் விளையாட்டுப் பேச்சில்தான் உள்ளத்தில் ஊறிக் கிடக்கும் எண்ணம் தடையின்றி வெளிவருகிறது. மறுவாரம் கூடிய கூட்டத்தில், ‘வரும் ஆண்டு விழாவில் தமிழர் உணவு மட்டுமே பரிமாறப்பட வேண்டும், அதனையும் வெளியே சொல்லி வரவழைத்துவிடலாம்’ என்று ஒரு கருத்து எழுந்தது. முடிவு இன்னும் ஆகவில்லை. முடிவு ஆகுமுன் அம்மூன்று கேள்விகளுக்கும் என் விடையைச் சொல்லிவிட விரும்புகிறேன். ஒரு ரொட்டிக்காக இத்தனை எழுத்தா என்று கேட்பவர்கள் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். ரொட்டி ஒரு காரணமே, வழக்கு வேறு.

நோயாளி உணவு

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு ரொட்டி என்றவுடன் நினைவுக்கு வருவது காய்ச்சல்தான். உடம்பு அனலாய்க் கொதிக்கும், நாக்குக் கசக்கும், அப்பா கடைக்குப் போய் ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கி வருவார், அம்மா அதனைப் பாலில் தோய்த்துக் கொடுப்பார். காய்ச்சல் தணிந்தவுடன் ரொட்டியும் வீட்டைவிட்டுப் போய்விடும். மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையிலும் பழத்தோடு ஒரு ரொட்டி இருக்கும். நாம் ரொட்டியைச் சந்தித்த இடமெல்லாம் நோய்ப் படுக்கையின் ஓரம். பின்னர் அதன்மேல் நமக்கு அன்பு எப்படி வரும்?

மேலும், நாம் அறிந்தது ஒரே வகை ரொட்டி. வெள்ளையாய், மென்மையாய், சிறிது இனிப்பாய், எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே சுவையாய் இருப்பது. 1965ஆம் ஆண்டில் நடுவண் அரசே ‘மாடர்ன் பேக்கரீஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியா அதற்கு உதவியது. அதன் ஆலைகளில் சுட்டு, தாளில் சுற்றிய ரொட்டி நகர்தோறும் பரவியது. 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போயிற்று. அரசு கையிலிருந்து தனியார் கைக்கு ரொட்டி மாறியதே தவிர, நம் கைக்கு அது வரவே இல்லை. பொட்டலத்தைப் பிரிப்பது ஒன்றே நாம் அறிந்த ரொட்டிக் கலை.

தாளித்த எண்ணெய் மணக்க, மேலோடு பொன்னிறமாய் முறுகி, அறுத்த இடத்தில் மிளகாயும் கறிவேப்பிலையும் பச்சைப் புள்ளிகளாய்த் தெரியும் ரொட்டியை ஒருமுறை தின்றவர், அடுத்து ‘யாருக்குக் காய்ச்சல்?’ என்று கேட்கமாட்டார். கேட்ட தோழரே அன்று மூன்று துண்டு தின்றார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவருக்குக் காய்ச்சல் இல்லை.

அயலது எது? நமது எது?

இரண்டாவது கேள்வி சற்றுக் கடினமானது. ரொட்டி தமிழர் உணவா?

அன்று பந்தலில் தமிழர் உணவு என்று பரிமாறப்பட்டவற்றை எண்ணிப் பாருங்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகுக் காரம். புதிதாய் வந்த காயைக் கண்ட நம் முன்னோர், ‘மிளகு போல் காரமான காய்’ என்று பழைய பெயரைக்கொண்டே அதற்குப் பெயர் வைத்தனர், சட்டியில் போட்டனர், வற்றல் ஆக்கினர், ஊறுகாய் ஆக்கினர். இன்று மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை யாரால் நினைக்க முடியும்? அயலிலிருந்து வந்ததை நம்முடையதாக்கியது எது? தீர்மானம் அன்று, சமைத்த கை.

நான் செங்கோட்டைக்காரன். 1956 நவம்பர் முதல் நாளில் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் அது. அதற்கு முன் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. புளியரை வழியாக எல்லையைக் கடப்பவர்கள் இரவில் வண்டியை நிறுத்தித் தின்னும் ‘பார்டர் பரோட்டா’ எங்கள் பக்கத்துப் புகழ்களுள் ஒன்று. அந்தப் பரோட்டாவை அயல் உணவு என்று தள்ளும் தமிழரை நான் பார்த்ததில்லை. ஆனால் பரோட்டாவுக்கும் ரொட்டிக்கும் மாவு ஒன்றே, மைதா. வீசிக் கல்லில் போட்டால் நம்முடையது, புளிக்கவைத்துச் சுட்டால் வெள்ளைக்காரனுடையது என்பது என்ன நியாயம்?

கடல் கடந்து யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே ரொட்டிக்குப் ‘பாண்’ என்று பெயர். போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. காலையில் பாணும் சம்பலும் உண்பது அங்குள்ள தமிழ் வீடுகளில் நாள்தோறும் நடப்பது. அவர்கள் தமிழ் நம் தமிழைவிட எவ்வகையில் குறைந்து போயிற்று?

பெங்களூரில் சிக்கப்பேட்டையில் 1898இல் ஹாசன் பகுதியிலிருந்து வந்த அய்யங்கார் குடும்பம் ஒன்று பேக்கரி தொடங்கியது. பின்னர்க் கருநாடகம் எங்கும் ‘அய்யங்கார் பேக்கரி’ என்ற பெயர் பரவியது. ஐரோப்பியரின் ரொட்டியை அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. முட்டையை விலக்கினர், வெங்காயமும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் சேர்த்துக் ‘கார பன்’ ஆக்கினர். என் காரரொட்டிக்குத் தாய்வழி அதுவே.

நாம் வாழும் இக்கேரளத்திலும் அப்படித்தான். தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1880இல் பிஸ்கோத்துத் தொழிற்கூடம் தொடங்கினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்னும் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, இதுபோல் செய்ய இயலுமா என்று கேட்டாராம். பாப்பு உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே செய்து கொடுத்தார் என்பது அங்கு வழங்கும் வரலாறு. அக்குடும்பத்தார் பின்னர்ப் பல நகரங்களில் பேக்கரிகள் நிறுவினர். நம் திருவனந்தபுரத்துச் சாந்தா பேக்கரியும் அவ்வழி வந்ததே. இன்று தமிழ்நாட்டின் தெருமுனைதோறும் தேநீரும் பன்னும் விற்கும் கடைகளில் எத்தனை கடைகள் மலையாளிகள் நடத்துபவை! அவர்கள் பன்னை நம் ஊரில் நாம் தின்கிறோம். நம் இட்லியை அவர்கள் ஊரில் அவர்கள் தின்கிறார்கள். உணவுக்கு எல்லைக்கோடு வரைந்தவர் யார்?

புளிப்பேற்றும் கலையும் நமக்குப் புதிதன்று. கள்ளை ஊற்றி மாவைப் பொங்கவைத்த ஆப்பம் இங்கு உண்டு. கடையில் ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் மேற்குக் கடற்கரையில் ரொட்டி சுட்டவர்களும் கள்ளைக் கொண்டே மாவைப் பொங்கவைத்தனர். தென்னை கொடுத்த புளிப்பில் எழுந்த ரொட்டி எந்த நாட்டு ரொட்டி என்று நீங்களே சொல்லுங்கள்.

நான்கு ரொட்டிகள்

மூன்றாவது கேள்வி என்னைப் பற்றியது. ஆய்வுக்கூட மாணவனுக்கு அடுக்களையில் என்ன வேலை? இதற்கு விடை சொல்ல, நான் சுட்ட முதல் நான்கு ரொட்டிகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் படிப்பது உயிர்வேதியியல். நொதித்தல் உயிர்களின் செயல் என்று பாஸ்டர் காட்டியதையும், உயிரணு இல்லாமலே ஈஸ்டின் சாறு நொதிக்கச் செய்யும் என்று 1897இல் புக்னர் கண்டதையும், அதற்காக அவர் 1907இல் நோபல் பரிசு பெற்றதையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு குளுக்கோசு மூலக்கூறு இரண்டு ஆல்ககாலாகவும் இரண்டு கரியமில வாயுவாகவும் பிரியும் படிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் பொங்கும் மாவைக் கையால் தொட்டறியாதவன். ஊரில் அம்மா மாவு கரைக்கும்போது நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

படிப்பு முடித்துப் போன மூத்த மாணவர் ஒருவர் தம் சிறிய ஓவனை என் அறையில் விட்டுச் சென்றார். அதுவே தொடக்கம்.

முதல் ரொட்டியில் வெங்காயத்தையும் பூண்டையும் பச்சையாக நறுக்கி மாவோடு பிசைந்தேன். மாவில் இருந்த உப்பு வெங்காயத்தின் நீரை இழுத்தது. மாவு குழைந்து கையில் ஒட்டியது. பச்சைப் பூண்டில் உள்ள அல்லிசின் ஈஸ்டை அடக்கும் இயல்புடையது. வந்தது ரொட்டி அன்று; செங்கல்.

இரண்டாவது ரொட்டிக்கு ஓர் ஆங்கில நூலைத் துணைகொண்டேன். ‘வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மணி நேரம் வை’ என்றது நூல். வைத்தேன். அது பங்குனி மாதம். திரும்பி வந்தபோது மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிந்து, கள்ளுக்கடை போல் மணந்தது. சுட்டவுடன் நடுவில் குழி விழுந்தது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய ‘வெதுவெதுப்பு’ வேறு, திருவனந்தபுரத்துப் பங்குனி வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேதிவினையின் வேகம் வெப்பத்தோடு ஏறும் என்பதும் தேர்வில் எழுதியதே.

அன்று இரவு தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். “கோடையிலே இட்லி மாவை எம்புட்டு நேரமய்யா வெளியே வைப்போம்? மழைக்காலத்திலே எம்புட்டு நேரம்? மாவைப் பார்க்கணும், கடிகாரத்தையா பார்ப்பாக?” என்றார். புக்னரையும் பாஸ்டரையும் அறியாத அம்மாவுக்கு வினைவேகம் தெரிந்திருந்தது. முதுநிலை மாணவனுக்குத் தெரியவில்லை. அன்று நான் அடைந்த வெட்கம் பெரிது.

மூன்றாவது ரொட்டி எழுந்தது. ஆனால் சூடு ஆறுமுன் ஆசையால் அறுத்தேன். உள்ளே களியாக ஒட்டியது. குழைந்த மாப்பொருள் ஆறினால்தான் இறுகும் என்பதை அது சொல்லிக் கொடுத்தது. நான்காவதுதான் ரொட்டி. அதில் ஒரு துண்டைக் கீழ்வீட்டுச் சேச்சியிடம் கொடுத்தேன். தின்றுவிட்டு, “கொள்ளாம் மோனே! கறிவேப்பிலையின்றெ மணம்!” என்றார். எனக்குக் கிடைத்த மதிப்பெண்களில் அதுவே முதன்மையானது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை பிழைத்தால் வேதிப்பொருளைக் குறை சொல்லலாம். கருவியைக் குறை சொல்லலாம். அடுக்களையில் அப்படித் தப்ப முடியாது. செய்தவனே தின்ன வேண்டும். அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறையேனும் சமைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கற்றதைக் கை அறியாவிட்டால் அது பாதிக் கல்வி.

செய்து பார்ப்போருக்கு

சொல்லிவிட்டுச் செய்முறையை மறைப்பது முறையன்று. இதோ அளவு.

மைதா 300 கிராம். விரும்பினால் அதில் 100 கிராமைக் கோதுமை மாவாக மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் 190 மில்லிலிட்டர். உலர்ந்த ஈஸ்ட் 4 கிராம். உப்பு 6 கிராம். மாவின் எடையில் நூற்றுக்கு இரண்டு என்பது கணக்கு. சர்க்கரை ஒரு தேக்கரண்டி. நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை இரண்டு இணுக்கு, சீரகம் அரைத் தேக்கரண்டி, இடித்த மிளகு சிறிது. எல்லாம் சாலைத் தெருவில் கிடைக்கும். ஆ. மாதவன் கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய அந்தத் தெருவில் சீரகம் வாங்குவதும் தமிழ்ப்பணியே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு!

எண்ணெயில் பாதியைக் காயவைத்துச் சீரகம் பொரிந்ததும் கறிவேப்பிலை, மிளகாய், வெங்காயம் இவற்றைப் போட்டு, நீர் முழுதும் வற்றும் வரை வதக்கி நன்றாக ஆறவிடுங்கள். மாவு, ஈஸ்ட், உப்பு, சர்க்கரை, தண்ணீர், மீதி எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். கோதுமையில் உள்ள குளூட்டெனின், கிளையடின் என்னும் இரு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து வலை போல் பின்னிக்கொள்வது இப்போதுதான். சிறிது மாவை விரலால் இழுத்தால் கிழியாமல் சவ்வு போல் விரிய வேண்டும். அதன்பின் வதக்கியதைச் சேருங்கள்.

மூடி வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ 50 நிமிடத்தில் மாவு இருமடங்காகும். பங்குனி, சித்திரையில் குளிர்ந்த தண்ணீரில் பிசைவது நல்லது. ஒரு கிராம் குளுக்கோசு முழுதும் நொதித்தால் கால் லிட்டருக்குச் சற்று மிகுதியான வாயு வெளிவரும். மாவு எழுவதில் வியப்பில்லை. பின்னர் மெல்ல அழுத்தி உருட்டி, எண்ணெய் தடவிய தகரத்தில் வைத்து மீண்டும் அரைமணி நேரம் எழவிட்டு, 200 பாகைச் செல்சியசில் 30 முதல் 35 நிமிடம் சுடுங்கள். ஒரு மணி நேரம் ஆறவிட்டு அறுங்கள். மூன்றாவது ரொட்டியில் நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டா.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரின் ரப்பர் வளையத்தையும் குண்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, தண்ணீர் ஊற்றாமல் சிறுதீயில் முக்கால் மணி நேரம் சுடலாம். மேற்புறம் சிவக்காது, சுவை குறையாது.

யார் கை?

இனி வழக்கின் நடுவுக்கு வருகிறேன்.

சென்ற விழாவில் நம் தோழர்கள் எழுவர் மேடையில் பேசினர். அவர்களுள் மூவர் தமிழ்ப் பெண்மையின் பெருமையைப் பேசினர். அவர்கள் பேசிய நேரத்தில் நம் தோழியர் பந்தலுக்குப் பின்னால் பொங்கல் பானையின் புகையில் நின்றிருந்தனர். அவர்களும் முதுநிலை மாணவியர். அவர்களுக்கும் தேர்வு உண்டு. அவர்களுக்கும் மேடையில் சொல்லக் கருத்து உண்டு. அவர்கள் சமைத்ததை நாம் தின்றோம், ஏப்பம் விட்டோம், நன்றியுரையில் ஒரு வரி சொன்னோம். நானும் அந்தக் குற்றவாளிகளுள் ஒருவன். ஒரு ரொட்டியைக் கொண்டுவந்தேன் என்பதால் தப்பிவிட மாட்டேன்.

‘வெளியே சொல்லி வரவழைத்துவிடலாம்’ என்ற கருத்து தோழியரின் சுமையைக் குறைக்கத்தானே என்று சிலர் கேட்கலாம். சுமையை இறக்க வேண்டியதுதான். ஆனால் பங்கிட்டுக்கொள்ள ஆண்கள் இருக்கும்போது, பணம் கொடுத்து இறக்குவானேன்? ஆண்களின் கை அப்போதும் தூய்மையாகவே இருக்கும்! ‘தமிழர் உணவு மட்டும்’ என்று தீர்மானம் எழுதும் கை, அந்த உணவில் ஒன்றையேனும் சமைக்க அறிந்த கையாக இருக்க வேண்டாவா?

மற்றொன்றும் உண்டு. இந்த மண்ணில் ஒரு காலத்தில், என்ன உணவு என்று கேட்குமுன் யார் தொட்ட உணவு என்று கேட்டார்கள். அதனை எதிர்த்துத்தான் 1917இல் சகோதரன் அய்யப்பன் செறாயியில் எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்ணச் செய்தார். அதற்காக ஊர்விலக்கும் ஏச்சும் பெற்றார். 1924இல் வைக்கத்தில் தெரு நடக்கும் உரிமைக்காகப் போராட ஈரோட்டிலிருந்து பெரியார் வந்தார். அவர்கள் நடந்த மண்ணில் நாம் படிக்கிறோம். ‘இது நம் உணவு, அது அவர்கள் உணவு’ என்று பந்தியில் கோடு கிழிக்கத் தொடங்கினால், அந்தக் கோடு ரொட்டியோடு நிற்காது. இன்று ரொட்டி அயல் என்பவர், நாளை இறைச்சி அயல் என்பார். மறுநாள் ஒருவர் வீட்டுக் குழம்பு அயல் என்பார். தமிழர் உணவு என்பது எந்த வீட்டு உணவு? ஆற்றங்கரை வீட்டு உணவா, கடற்கரை வீட்டு உணவா, சேரி வீட்டு உணவா? இதற்கு விடை சொல்லாமல் பட்டியல் எழுத முடியாது. விடை சொன்னால் பட்டியலுக்கு முடிவே இராது.

மறுப்புகள் சில

மைதா உடலுக்கு நல்லதா என்று கேட்பார் உண்டு. நாள்தோறும் தின்னத்தக்கதன்று, தவிடு நீக்கிய மாவு. வீட்டில் சுட்டதனால் அது மருந்தாகிவிடாது. ஆயினும் வீட்டு ரொட்டியில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். 2016இல் தில்லியில் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் கடை ரொட்டிகளை ஆராய்ந்து, பலவற்றில் பொட்டாசியம் புரோமேட்டு, அயோடேட்டு எச்சங்கள் இருப்பதாக வெளியிட்டது. அதே ஆண்டில் புரோமேட்டு தடை செய்யப்பட்டது. அதுவரை அது ரொட்டியில் சேர்வதைத் தின்றவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

செலவு மிச்சமா? இல்லை. மாவும் எண்ணெயும் மின்சாரமும் நம் நேரமும் சேர்த்தால் கடை ரொட்டியே மலிவு. பேக்கரித் தொழிலாளியின் பிழைப்பைக் கெடுப்பதா? அதுவும் இல்லை. விடியுமுன் எழுந்து அனலின்முன் நிற்பவரின் உழைப்பை, ஒருமுறை தானே மாவு பிசைந்து தோள் நோகக் கண்டவனே மதிப்பான். நான் இன்றும் கடையில் பன் வாங்குகிறேன். முன்னைவிட மரியாதையோடு வாங்குகிறேன்.

நேரம் இல்லையே என்பார்க்கு ஒரு சொல். 2020இல் நோய்த் தொற்றால் வீட்டுக்குள் அடைபட்டபோது, உலகெங்கும் எத்தனையோ பேர் ரொட்டி சுடக் கற்றனர். பல நாடுகளில் கடைகளில் ஈஸ்டே கிடைக்காமல் போயிற்று. கதவு திறந்ததும் பலர் மறந்துவிட்டனர். அச்சம் வந்தபோது கையை நம்பினோம். அச்சம் போனதும் கையை மறந்தோம். பிசைய வேண்டிய நேரம் பத்து நிமிடம். மற்ற நேரம் ஈஸ்ட் உழைக்கும், நாம் படிக்கலாம். இக்கட்டுரையின் பாதியை நான் எழுதியது மாவு எழுந்துகொண்டிருந்த நேரத்தில்தான்.

என் வேண்டுகோள்

ஆகவே மன்றத்தின் முன் நான் வைக்கும் கருத்து இது. ‘தமிழர் உணவு மட்டும்’ என்னும் விதி வேண்டா. ‘தாமே செய்த உணவு’ என்பதே விதியாகட்டும். வரும் பொங்கலுக்கு ஒவ்வொருவரும் தம் கையால் செய்த ஒன்றைக் கொண்டுவரட்டும். புளியோதரை ஆகலாம், கருவாட்டுக் குழம்பு ஆகலாம், சுண்டல் ஆகலாம், ரொட்டியும் ஆகலாம். உறுப்பினர் அனைவருக்கும் இது பொருந்தும்; ஆண்களுக்கு விலக்கு இல்லை. பொங்கல் பானையை இவ்வாண்டு தோழர்கள் ஏற்றட்டும். தோழியர் மேடை ஏறட்டும். பொங்கல் சற்று அடிப்பிடித்தால் பிடிக்கட்டும். என் முதல் ரொட்டி செங்கல்லாக வந்தது. அதனால் உலகம் இருண்டுவிடவில்லை.

நம் கீழ்வீட்டுச் சேச்சியரையும் வகுப்புத் தோழர்களான மலையாளிகளையும் அழைப்போம். நாம் பிழைக்கவும் படிக்கவும் வந்த ஊர் இது. இவ்வூரார் நமக்கு அறை கொடுத்தனர். நம் மொழியில் நாம் பேசிக்கொள்ள இடம் கொடுத்தனர். அவர்கள் முன்னால் நம் தமிழை எப்படிக் காட்டப் போகிறோம்? கதவை மூடிக்கொண்டு பட்டியல் படிப்பதாலா? மூடிய பாத்திரத்தில் மாவு எழும்; மன்றம் எழாது.

கூட்டம் கூடும் நாளில் இக்கருத்தை நேரில் சொல்வேன். மறுப்பவர்கள் மறுத்துப் பேசட்டும், கேட்கக் காத்திருக்கிறேன். அன்றும் துணியில் சுற்றி ஒரு காரரொட்டி கொண்டுவருவேன். வாயிலில் நிற்கும் தோழர் இம்முறையும் ‘யாருக்குக் காய்ச்சல்?’ என்று கேட்கலாம். கேட்கட்டும். கேட்டுவிட்டு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த ஞாயிறு என் அறைக்கு வந்து மாவு பிசையட்டும்.